விண்ணுக்குச் செலவிட்ட பொருள்: டாக்டர் விக்ரம் சாராபாயின் வாழ்வு

மலைமேல் எழுந்த வினா

தேனி மாவட்டத்துக் கெங்குவார்பட்டி, பழனி மலைத்தொடரின் அடிவாரத்தில் தென்னையும் மாவும் நெல்லும் விளையும் ஊர். அருகே மஞ்சளாறு அணை. சற்றுத் தொலைவில் காட்ரோட்டில் பிரியும் சாலை வளைந்து வளைந்து கொடைக்கானலுக்கு ஏறுகிறது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,300 மீட்டர் உயரத்தில், அம்மலைமேல் நூற்றாண்டைக் கடந்து நிற்கிறது கொடைக்கானல் சூரிய ஆய்வுக்கூடம்.

பொழுதுபோக்காக வானத்தைப் பார்ப்பதற்கு எழுந்த கூடம் அன்று அது. 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மழை பொய்த்துச் சென்னை மாகாணத்தைப் பெரும்பஞ்சம் வாட்டியது. மக்கள் இலட்சக்கணக்கில் மாண்டனர். பருவமழை தவறுவதற்கும் சூரியனில் நிகழும் மாற்றங்களுக்கும் தொடர்பு உண்டோ என்று ஆராய வேண்டும் என்ற கருத்து அப்போது வலுப்பெற்றது. அதன் விளைவாகவே 1899 இல் அக்கூடம் நிறுவப்பட்டது. பசித்தவர்க்குக் கஞ்சி வார்க்க வேண்டிய பொருளைத் தொலைநோக்கிக்குச் செலவிடலாமா என்ற வினாவுக்கு அன்றே இடமிருந்தது. சூரியனைக் கொண்டு மழையை முன்னறியலாம் என்ற எதிர்பார்ப்பு எண்ணியவாறு நிறைவேறவில்லை. ஆயினும் சூரியனின் படங்கள் ஆண்டுதோறும் தவறாமல் எடுத்துச் சேர்க்கப்பட்டன. 1909 இல் ஜான் எவர்ஷெட் சூரியக் கரும்புள்ளிகளில் வாயுக்கள் ஆரவட்டமாகப் பாய்வதை அங்கேதான் கண்டறிந்தார். அது அவர் பெயராலேயே இன்றும் வழங்குகிறது.

இதே மலைக்கு 1950களில் அகமதாபாத்திலிருந்து ஓர் ஆய்வுக் குழுவின் கருவிகள் வந்தன. விண்வெளியிலிருந்து இடையறாது பொழியும் காஸ்மிக் கதிர்களை அளப்பது அவற்றின் பணி. அக்குழுவின் தலைவர் குஜராத்தின் சமணக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். பஞ்சகாலத்தில் எழுந்த பழைய வினா விடுதலை பெற்ற இந்தியாவில் மீண்டும் எழுந்தபோது, அதற்கு விடை கூறும் கடமை அவர்மீது வந்தது. அவரே டாக்டர் விக்ரம் அம்பாலால் சாராபாய்.

பொருளின் கடமையைப் பேசிய இல்லம்

விக்ரம் சாராபாய் 1919 ஆகஸ்டு 12 ஆம் நாள் அகமதாபாத்தில் பிறந்தார். தந்தை அம்பாலால் சாராபாய், காலிகோ ஆலையின் உரிமையாளர். தாய் சரளாதேவி. பெற்றோர்க்கு மக்கள் எண்மர். ஸ்ரீமாலி வணிகக் குலத்துச் சமணர்களான அக்குடும்பத்தார் தமிழ்ச் சமணரைப் போலத் திகம்பரர் அல்லர். எனினும் அருகன் அறம் இருவர்க்கும் பொது. அம்பாலால் தம் மக்களைப் பள்ளிக்கு அனுப்பாமல், ஷாகிபாகில் இருந்த தம் மாளிகையிலேயே மாண்டிசோரி முறையைத் தழுவிய பள்ளி ஒன்றை அமைத்துக் கற்பித்தார். இரவீந்திரநாத் தாகூர், காந்தியடிகள் முதலிய பெரியோர் வந்து சென்ற இல்லம் அது.

அவ்வில்லத்தில் செல்வம் நிரம்பி இருந்தது. அச்செல்வம் யாருக்கு உரியது என்ற விவாதமும் அங்கே ஓயாமல் நடந்தது. விக்ரம் பிறப்பதற்கு ஓராண்டுக்கு முன், 1918 இல், அகமதாபாத் நெசவாலைத் தொழிலாளர் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். ஆலை முதலாளிகளின் பக்கம் அம்பாலால் நின்றார். தொழிலாளரின் பக்கம் காந்தியடிகளுடன் நின்றவர் அம்பாலாலின் உடன்பிறந்த தமக்கை அனசூயா சாராபாய். தொழிலாளர் 50 விழுக்காடு உயர்வு கேட்டனர். முதலாளிகள் 20 விழுக்காட்டுக்கு மேல் தர மறுத்தனர். காந்தியடிகள் உண்ணாநோன்பு மேற்கொண்ட பின் 35 விழுக்காட்டில் உடன்பாடு கண்டது. தம்பியும் தமக்கையும் எதிரெதிர் அணியில் நின்றபோதும் உறவு முறியவில்லை. பொருள் ஈட்டுவோர்க்கு அப்பொருளால் வாழ வேண்டியவரிடத்துப் பொறுப்பு உண்டு என்ற எண்ணம் அக்குழந்தைகளின் மனத்தில் ஏட்டுக் கல்விக்கு முன்பே பதிந்தது.

சடங்குகளில் மிகுந்த பற்றுடையவராக விக்ரம் சாராபாய் அறியப்படவில்லை. ஆயினும் மிகுபொருள் விரும்பாமை என்னும் சமண அணுவிரதத்தின் சாரத்தை அவர் வாழ்வில் காணலாம். துறவியர்க்கு அது முற்றத் துறத்தல். இல்லறத்தார்க்கோ பொருளைத் தேவையின் எல்லைக்குள் நிறுத்தி, எஞ்சியதை அறவழியில் செலவிடுதல். இந்த இல்லற நெறியே பின்னாளில் அரசின் பொருளை அவர் கையாண்ட முறையிலும் புலப்பட்டது.

காஸ்மிக் கதிர்களின் பின்னே

குஜராத் கல்லூரியில் பயின்ற விக்ரம், 1937 இல் இங்கிலாந்து சென்று கேம்பிரிட்ஜ் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் சேர்ந்தார். 1940 இல் இயற்கை அறிவியலில் தேர்ச்சி பெற்றார். இரண்டாம் உலகப் போர் மூண்டதால் தாயகம் திரும்பி, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சர் சி.வி. இராமனின் வழிகாட்டுதலில் காஸ்மிக் கதிர் ஆய்வில் ஈடுபட்டார். அங்கேயே ஹோமி பாபாவின் நட்பும் கிட்டியது. 1942 இல் அவருடைய முதல் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது.

அதே ஆண்டில் அவர் தமிழகத்துக்கு மருமகனானார். சென்னையின் பெயர்பெற்ற வழக்கறிஞர் சுவாமிநாதனுக்கும் அம்மு சுவாமிநாதனுக்கும் மகளான மிருணாளினியை மணந்தார். பரதநாட்டியத்தில் புகழ்பெற்ற அவ்வம்மையார், இந்திய தேசிய இராணுவத்தின் கேப்டன் இலட்சுமியின் தங்கை ஆவார். பின்னாளில் அகமதாபாத்தில் தர்ப்பணா என்னும் கலைக்கழகத்தை நிறுவியவரும் அவரே.

போர் முடிந்தபின் மீண்டும் கேம்பிரிட்ஜ் சென்ற விக்ரம், வெப்பமண்டலப் பகுதிகளில் காஸ்மிக் கதிர்கள் பற்றிய ஆய்வுக்காக 1947 இல் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பினார். விடுதலை கிடைத்து மூன்று திங்கள் கூட நிறையவில்லை. 1947 நவம்பர் 11 ஆம் நாள் அகமதாபாத்தில் ஓர் அறிவியல் கல்லூரியின் சில அறைகளில் இயற்பியல் ஆய்வுக்கூடம் தொடங்கப்பட்டது. அதன் முதல் இயக்குநர் பொறுப்பைத் தாம் ஏற்காமல், பாலக்காட்டுக் கல்பாத்தியில் பிறந்தவரும் சி.வி. இராமனின் தொடக்ககால மாணவருமான கே.ஆர். இராமநாதனிடம் அளித்தார். அப்போது விக்ரமுக்கு அகவை 28. தம் குடும்ப அறக்கட்டளையின் பொருளையும் நண்பர்களின் உதவியையும் கொண்டு தொடங்கிய முயற்சி அது.

காஸ்மிக் கதிர்கள் பூமியின் காந்தப்புலத்தால் வளைக்கப்படுவன. ஆதலின் ஓரிடத்தில் மட்டும் அளந்தால் அவற்றின் இயல்பு விளங்காது. அகமதாபாத், திருவனந்தபுரம், காஷ்மீரத்துக் குல்மார்க், கொடைக்கானல் என வெவ்வேறு அகலாங்குகளிலும் உயரங்களிலும் கருவிகள் அமைக்கப்பட்டன. காந்த நடுக்கோட்டுக்கு அண்மையிலும் மிகுந்த உயரத்திலும் இருந்தமையால் கொடைக்கானல் சிறப்பிடம் பெற்றது. பெரியகுளம், கெங்குவார்பட்டி வட்டார மக்கள் நாள்தோறும் அண்ணாந்து பார்க்கும் மலை, இந்திய விண்வெளி ஆய்வின் முன்னோடிப் பணிகளுள் ஒன்றைத் தாங்கி நின்றது.

இதே காலத்தில் அவர் வேறு பணிகளையும் செய்தார். நெசவாலைத் தொழிலுக்கென அகமதாபாத்தில் ஆராய்ச்சிச் சங்கம் ஒன்றை உருவாக்கி 1956 வரை நடத்தினார். 1961 இல் அங்கே இந்திய மேலாண்மைக் கழகம் தோன்றவும் துணைநின்றார். கதிர்களை அளந்த கூர்மை, ஆலைக் கணக்கையும் ஆட்சிக் கணக்கையும் அளக்கப் பழகியது.

தும்பாக் கடற்கரை

1957 இல் சோவியத் நாடு ஸ்புட்னிக் செயற்கைக்கோளை ஏவியது. 1962 இல் இந்திய அரசு விண்வெளி ஆராய்ச்சிக்கான தேசியக் குழுவை அமைத்து அதன் தலைமையைச் சாராபாயிடம் ஒப்படைத்தது. பூமியின் காந்த நடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் உயரத்தில் மின்னோட்டம் ஒன்று ஆறுபோல ஓடுகிறது. பலூன்கள் அவ்வுயரத்தை எட்டா. செயற்கைக்கோள்களோ அதற்கும் மேலே சுழல்பவை. சிறிய ராக்கெட்டுகளே அவ்விடத்துள் புகுந்து அளக்க வல்லன. இக்காரணத்தால் திருவனந்தபுரத்துக்கு அருகே, காந்த நடுக்கோடு செல்லும் தும்பா என்னும் மீனவக் கிராமம் தேர்ந்தெடுக்கப்பட்டது.

அங்கே மீனவக் குடும்பங்களின் குடிசைகளும் புனித மகதலேன் மரியாள் தேவாலயமும் இருந்தன. அரசாணையை மட்டும் நம்பி நிலத்தைக் கைக்கொள்ளச் சாராபாய் விரும்பவில்லை. ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரேராவை நேரில் கண்டு பேசினார். ஆயர் அதனைத் தம் மக்கள்முன் வைத்தார், மக்கள் இசைந்தனர். குடும்பங்கள் வேறிடம் பெயர்ந்தன. தேவாலயம் அலுவலகமும் பணிமனையுமாக மாறியது. நாட்டின் முதல் ராக்கெட் திட்டத்துக்கு முதற்பொருள் ஈந்தவர்கள், தம் வீட்டையும் வழிபாட்டிடத்தையும் விட்டுக்கொடுத்த அம்மீனவர்களே. எந்த வரவுசெலவுத் திட்டத்திலும் இக்கொடை எழுதப்படவில்லை.

1963 நவம்பர் 21 ஆம் நாள் மாலை முதல் ராக்கெட் தும்பாவிலிருந்து எழுந்தது. ராக்கெட்டு அமெரிக்கா தந்தது. அதில் வைத்த ஆய்வுக்கருவி பிரான்சு தந்தது. சோவியத் நாடும் பின்னர் உதவியது. பகைமை பாராட்டிய வல்லரசுகள் ஓரிடத்தில் கூடி உதவும்படி செய்த அவர்தம் திறத்தால், ஏழை நாட்டின் செலவு பெரிதும் குறைந்தது. கட்டடமும் வண்டியும் போதாத நிலையில் ராக்கெட்டின் பாகங்களை மிதிவண்டியில் வைத்தும் கொண்டு சென்றனர். இராமேசுவரத்து இளைஞர் அப்துல் கலாம் உள்ளிட்ட பலர் அங்கே பயிற்சி பெற்றனர். 1967 நவம்பர் 20 ஆம் நாள் இந்தியர் தாமே செய்த ரோகிணி ராக்கெட் பறந்தது. அதன் குறுக்களவு 75 மில்லிமீட்டர் மட்டுமே.

பசியின் நடுவே

அந்த ஆண்டுகள் எத்தகையன என்பதை இன்றைய இளையோர் அறிதல் வேண்டும். 1965, 1966 ஆகிய இரண்டு ஆண்டுகளும் தொடர்ந்து மழை பொய்த்தது. பீகாரில் பஞ்சம் பரவியது. அமெரிக்கக் கோதுமையைச் சுமந்து கப்பல்கள் வந்தால்தான் பல வீடுகளில் உலை கொதிக்கும் என்ற நிலை. தமிழகத்திலும் அரிசித் தட்டுப்பாடு தேர்தலின் போக்கையே மாற்றியது. இத்தகைய நாட்டில் ராக்கெட்டு விடலாமா என்று கேட்டவர்களை அறிவிலிகள் என்று ஒதுக்க இயலாது. நியாயமான வினா அது. சாராபாயும் அதனை நியாயமானதாகவே கொண்டார்.

நிலவுக்கோ கோள்களுக்கோ மனிதரை அனுப்பிச் செல்வ நாடுகளோடு போட்டியிடுவது இந்தியாவின் நோக்கம் ஆகாது என்று அவர் தெளிவாக வரையறுத்தார். மனிதரின், சமுதாயத்தின் உண்மையான இடர்களைத் தீர்க்க உயர்ந்த தொழில்நுட்பத்தைப் பயன்படுத்துவதில் மட்டும் இந்தியா எவர்க்கும் பின்தங்கக் கூடாது என்பது அவர் நிலை. சாலையும் பள்ளியும் தொலைபேசியும் ஒவ்வொன்றாகப் பல தலைமுறைகள் கடந்து வரும்வரை ஏழை நாடு காத்திருந்தால் இடைவெளி மேலும் அகலும். சில படிகளைத் தாண்டிச் செல்ல விண்வெளி வழியாகும் என்பது அவர் கணிப்பு.

கணிப்பைச் சொல்லிவிட்டு அவர் அமையவில்லை. ஒவ்வொன்றையும் சிறிய அளவில் சோதித்துப் பார்த்தார். 1967 சனவரி 26 ஆம் நாள் தில்லியைச் சுற்றிய 80 கிராமங்களில் பொதுத் தொலைக்காட்சிப் பெட்டிகள் வைக்கப்பட்டு உழவர்க்கான நிகழ்ச்சி தொடங்கியது. கிருஷி தரிசனம் என்று பின்னர் நாடறிந்த அதன் பின்னணியில் சாராபாயின் முயற்சி இருந்தது. செயற்கைக்கோளுக்குச் செலவிடுமுன், உழவர் பார்ப்பாரா, பார்த்தால் பயன்கொள்வாரா என்று அறிய விரும்பினார். நாடெங்கும் தொலைக்காட்சியைக் கொண்டுசெல்லத் தரைக் கோபுரங்களுக்கு என்ன ஆகும், செயற்கைக்கோளுக்கு என்ன ஆகும், இரண்டையும் கலந்தால் என்ன ஆகும் என்று கணக்கிடச் செய்தார்.

1970 இல் நடந்த மற்றொரு சோதனை தென்னை வளர்க்கும் ஊரார்க்கு எளிதில் விளங்கும். கேரளத்தில் தென்னை மரங்களை வாடல் நோய் அழித்து வந்தது. பிஷாரடி என்னும் அறிவியலாளரின் தலைமையில் ஹெலிகாப்டரிலிருந்து அகச்சிவப்புப் படச்சுருளில் தோப்புகள் படமெடுக்கப்பட்டன. நலமான மரமும் நோயுற்ற மரமும் அப்படத்தில் வேறுவேறு நிறமாகத் தோன்றின. கீழிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு நோய் தெரியுமுன் மேலிருந்து பார்த்த படம் காட்டிக்கொடுத்தது. இந்தியாவில் தொலையுணர்வுத் துறை இத்தென்னந்தோப்புகளிலிருந்து தொடங்கியது.

அணுவும் அகிம்சையும்

1966 சனவரியில் ஹோமி பாபா விமான விபத்தில் மறைந்தார். அவ்வாண்டு மே மாதத்தில் அணுசக்தி ஆணையத்தின் தலைமையும் சாராபாய் மீது வந்தது. சீனா 1964 இல் அணுகுண்டு வெடித்திருந்தமையால் இந்தியாவும் குண்டு செய்ய வேண்டும் என்ற குரல் ஓங்கி ஒலித்த நேரம். அவர் அதற்கு இணங்கவில்லை. ஒரு குண்டை வெடித்துக் காட்டுவதால் நாட்டுக்குப் பாதுகாப்பு வந்துவிடாது. அதனைச் சுமக்கும் கருவிகள், காவல் அமைப்புகள், அவற்றைத் தாங்கும் தொழில்வளம் எல்லாவற்றுக்கும் ஆகும் செலவை எண்ணிப் பார்க்க வேண்டும் என்று வாதிட்டார். இதனால் பலருடைய அதிருப்திக்கும் ஆளானார்.

விண்வெளிக்குப் பொருள் கேட்ட அதே மனிதர், குண்டுக்குப் பொருள் வேண்டா என்றார். அறிவியலின் பெயரால் கேட்கப்படும் செலவெல்லாம் தகுந்தது என்று அவர் ஒருபோதும் கருதவில்லை என்பதற்கு இதுவே சான்று. பிற்காலத்தில் நிலைமை மாறியது. 1974 இல் பொக்ரானில் அணு வெடிப்பு நிகழ்ந்தது. செயற்கைக்கோள் ஏவுவதற்கென உருவான எஸ்.எல்.வி. 3 இன் முதல் அடுக்குத் தொழில்நுட்பம் 1989 இல் பறந்த அக்னி ஏவுகணைக்கும் பயன்பட்டது. ராக்கெட்டுக்கு அறம் தெரியாது; அதனைச் செலுத்துவோர்க்குத்தான் தெரிய வேண்டும். அகிம்சையைத் தலையாய அறமாகக் கொண்டோர் இப்பகுதியைக் கடந்து செல்லலாகாது.

அயராத உழைப்பும் திடீர் மறைவும்

1969 ஆகஸ்டு 15 ஆம் நாள் இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் தோன்றியது. அவ்வாண்டு செப்டம்பரில் அமெரிக்க விண்வெளி நிறுவனத்துடன் ஓர் உடன்பாடு கையெழுத்தானது. அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றை ஓராண்டுக்குப் பெற்று இந்தியக் கிராமங்களுக்குக் கல்வி ஒளிபரப்பு நடத்துவது அதன் சாரம். 1970 இல் அணுசக்தி, விண்வெளி ஆகிய இரண்டு துறைகளும் அடுத்த பத்தாண்டில் செய்ய வேண்டியவற்றை ஆண்டுவாரியாகவும் செலவுவாரியாகவும் எழுதி நாட்டின்முன் வைத்தார். வாக்களித்ததைச் செய்தாரா என்று எவரும் சரிபார்க்கத்தக்க ஆவணம் அது. ஆந்திரக் கடற்கரையில் ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளமும் உருப்பெற்று, 1971 அக்டோபரில் முதல் ராக்கெட்டை அனுப்பியது.

ஒருவர் தோள் தாங்கத்தக்க சுமை அன்று இது. 1971 டிசம்பர் இறுதியில் தும்பாப் பணிகளைப் பார்வையிடத் திருவனந்தபுரம் வந்தவர், 30 ஆம் நாள் கோவளம் கடற்கரை விடுதியில் உறக்கத்திலேயே உயிர் நீத்தார். அப்போது அவருக்கு அகவை 52. முதல் இந்தியச் செயற்கைக்கோளையோ, தாம் கையெழுத்திட்ட கல்வி ஒளிபரப்பையோ அவர் காணவில்லை. தும்பா மையத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. நிலவில் ஒரு பள்ளமும் அவர் பெயர் தாங்குகிறது.

நால்வகைத் தானம்

சமண அறநூல்கள் இல்லறத்தார்க்கு ஆகார தானம், அபய தானம், ஔஷத தானம், சாஸ்திர தானம் என நால்வகைத் தானங்களை விதிக்கின்றன. சாராபாய்க்குப்பின் விண்வெளிச் செலவு எவ்வாறு பயன்பட்டது என்பதை அளக்க இந்நான்கும் தக்க அளவுகோல்கள்.

சாஸ்திர தானம் முதலில் நிகழ்ந்தது. 1975 ஆகஸ்டு முதல் ஓராண்டு, ஆறு மாநிலங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 2,400 கிராமங்கள் செயற்கைக்கோள் வழியாகக் கல்வியும் வேளாண்மையும் உடல்நலமும் பற்றிய நிகழ்ச்சிகளைக் கண்டன. அவற்றுட் பல கிராமங்கள் அதற்குமுன் திரைப்படம் கூடக் கண்டறியாதவை.

ஆகார தானத்தில், பயிர்ப் பரப்பையும் வறட்சியையும் மதிப்பிடும் பணியும், கடல்நீரின் வெப்பமும் நிறமும் கண்டு மீன் மிகும் இடத்தை மீனவர்க்கு அறிவிக்கும் பணியும் அடங்கும். தும்பா மீனவர் ஈந்த நிலத்துக்கு அவர் தொழிலைச் சேர்ந்தோர்க்கே வந்த கைம்மாறாக இதனைக் கொள்ளலாம்.

ஔஷத தானத்தில், நகர மருத்துவர் செயற்கைக்கோள் வழியே சிற்றூர் நோயாளியைப் பார்த்து அறிவுரை கூறும் தொலைமருத்துவம் வந்தது. இங்கு ஓர் உண்மையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தேனியில் அரவிந்த் கண் மருத்துவமனை சுற்றுவட்டாரப் பார்வை மையங்களை இணைத்தது விண்வழியாக அன்று; தரையில் நட்ட கம்பங்களின் வழியே செல்லும் கம்பியில்லாத் தொடர்பினால். தரைவழி மலிவாக முடியுமிடத்து விண்வழியை நாட வேண்டா. சாராபாய் கணக்கிடச் செய்ததும் இத்தகைய ஒப்பீட்டையே.

அபய தானமே இவற்றுள் தலையானது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைப் புயல் விழுங்கியபோது, ஓடிக்கொண்டிருந்த ரயிலோடு பயணிகளும் கடலில் மறைந்தனர். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரணியம் அருகே கரையேறிக் கொடைக்கானல் மலைப்பகுதி வரை சேதம் விளைத்தது. தென்னைகள் இலட்சக்கணக்கில் வீழ்ந்தன, உயிர்ச்சேதமும் நேர்ந்தது. எனினும் செயற்கைக்கோள்கள் அதன் வழியைக் கண்காணித்தமையால், கரையேறுமுன் எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் முகாம்களுக்கு அழைத்துச் செல்லப்பட்டனர்.

இதற்கு ஓராண்டுக்கு முன் நிகழ்ந்ததையும் மறைக்கலாகாது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் விரைந்து வலுப்பெற்றது. வானிலிருந்து அதனைக் கண்டனர். ஆனால் ஆழ்கடலில் இருந்த கன்னியாகுமரி, திருவனந்தபுரம் மீனவர்களிடம் அச்செய்தி சேரவில்லை. நூற்றுக்கணக்கானோர் திரும்பவில்லை. மாண்டவருள் பலர் தும்பாவைப் போன்ற அக்கடற்கரை ஊர்களைச் சேர்ந்தவர்கள். விண்ணிலிருந்து பார்க்கும் கண்ணுக்குக் கோடிகள் செலவிட்டு, படகில் இருப்பவன் காதுக்கு ஒரு கருவி தராமற்போனால் அந்தத் தானம் நிறைவு பெறாது. இழப்புக்குப் பின்னரே செயற்கைக்கோள் வழியே எச்சரிக்கை பெறும் கருவிகளைப் படகுகளில் பொருத்தும் முயற்சி விரைவுற்றது.

கணக்கு

2023 ஆகஸ்டு 23 ஆம் நாள் சந்திரயான் 3 நிலவின் தென்முனை அருகே இறங்கியது. இறங்கிய கலத்தின் பெயர் விக்ரம். அத்திட்டத்தின் இயக்குநர், தமிழ்ச் சமணர் பலரும் வாழும் விழுப்புரம் மண்ணில் பிறந்த ப. வீரமுத்துவேல். அதற்கு ஆன செலவு ஏறத்தாழ 615 கோடி ரூபாய்; நாட்டு மக்கள் 140 கோடிப் பேருக்கும் பகிர்ந்தால் தலைக்கு ஐந்து ரூபாய்க்கும் குறைவு. அந்நிதியாண்டில் விண்வெளித் துறைக்கு ஒதுக்கியது சுமார் 12,500 கோடி. நடுவண் அரசு செலவிடும் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் முப்பது காசுக்கும் குறைவு. நிலவுக்குச் செல்வது தம் நோக்கமன்று என்ற சாராபாயின் பெயரே நிலவில் இறங்கிய கலத்துக்கு வாய்த்தது காலத்தின் விந்தை. முதலில் மண்ணுக்கு உதவி, பின் விண்ணை நாடிய வரிசையை அவர் மாணவர்கள் பெரும்பாலும் காத்தனர் என்பதால் அப்பெயர் பொருந்தும்.

தேனி மாவட்டம் இவ்வினாவைத் தன் வாசலிலேயே கண்டது. தேவாரத்துக்கு அருகே பொட்டிப்புரத்தில், அம்பரப்பர் மலையின் உள்ளே நியூட்ரினோ துகள்களை ஆராயும் கூடம் அமைக்க 2015 இன் தொடக்கத்தில் ஏறத்தாழ 1,500 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு நடுவண் அரசு ஒப்புதல் அளித்தது. மலைக்கும் நீருக்கும் என்ன ஆகுமோ என்று உழவர் அஞ்சினர்; எதிர்ப்பும் வழக்குகளும் எழுந்து பணி நின்றது. யார் பக்கம் நியாயம் என்பது வேறு. ஆனால் பணம் ஒதுக்கியபின் மக்களிடம் செல்வதற்கும், தும்பாவில் போல முதலில் மக்களிடம் சென்று பேசுவதற்கும் உள்ள வேற்றுமையைச் சாராபாயின் வாழ்வை அறிந்தோர் எண்ணிப் பார்ப்பர்.

கம்பம் பள்ளத்தாக்கின் உத்தமபாளையத்தில், பாறையில் செதுக்கிய தீர்த்தங்கரர் திருவுருவங்கள் ஆயிரம் ஆண்டுகளைக் கடந்து அமர்ந்திருக்கின்றன. மூவுலகின் அமைப்பையும் ஞாயிறு திங்களின் இயக்கத்தையும் கணக்கிட்டுத் திலோயபண்ணத்தி போன்ற நூல்களை ஆக்கியவர்கள் அவர் வழிவந்த ஆச்சாரியர்கள். வானை ஆராய்தல் சமணர்க்குப் புதிதன்று. அந்த ஆராய்ச்சிக்கு எளியவரின் பொருளைக் கேட்கும்போது, அவரிடமே வந்து கணக்குச் சொல்ல வேண்டும் என்பதே சாராபாய் கூட்டிய புதுமை. விண்ணுக்குச் செலவிடுதல் தகுமா என்ற வினாவுக்கு ஒரே முறை விடையளித்து முடித்துவிட இயலாது. ஒவ்வொரு திட்டத்திலும், ஒவ்வோர் ஆண்டிலும் அதனை மீண்டும் கேட்பதும், நால்வகைத் தானத்தில் எது விளைந்தது என்று காட்டுவதுமே அவர் விட்டுச் சென்ற நெறி. மகாவீரர் திருநாளில் பொருளின் பயனை எண்ணும் இல்லங்கள் அவர் வாழ்வையும் எண்ணிப் பார்த்தல் தகும்.

அருகன் அறம் வாழ்க.